பத்து வருசத்து வால்வு

கஜேந்தினியின் இதயநோய் முழங்காலில் தொடங்கியது. தர்மபுரத்தில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தொண்டை நோ ஒன்று வந்து, கொத்தமல்லித் தண்ணீரோடு போய்விட்டது. அது போய்ச் சில வாரங்களில் வலது முழங்கால் வீங்கிச் சிவந்தது. அந்த வீக்கம் வற்றியதும் இடது கணுக்கால் வீங்கியது. அதன் பிறகு முழங்கை. ஓரிடத்தில் நில்லாமல் உடம்பெங்கும் நடந்து திரிந்த அந்த நோவைப் பார்த்துத் தாய் சுப்பம்மா பயந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அது வாதக்காய்ச்சல் என்றார் வைத்தியர். மூட்டு நோ தானாக ஆறிவிடும், ஆனால் காய்ச்சல் திரும்ப வந்தால் இதயத்தில் போய் நிற்கும், ஆகவே மூன்று கிழமைக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட வேண்டும், பல வருடம் போட வேண்டும் என்று சொன்னார். தகப்பன் மூக்கன் தலையாட்டினான். மூக்கனும் சுப்பம்மாவும் எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்த பிள்ளைகள். இங்கேயே வளர்ந்து, இங்கேயே கட்டி, காடு வெட்டிய நிலத்தில் நிலக்கடலையும் மிளகாயும் போட்டுப் பிழைத்தவர்கள். வைத்தியர் சொன்னதை அவர்கள் தட்டவில்லை. ஊசி போட்ட நாளில் மகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள். மற்றபடி ஓடினாள், மரம் ஏறினாள், விளையாட்டுப் போட்டியில் பரிசும் வாங்கினாள்.

ஊசியை நிறுத்தியது யுத்தம். இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் தர்மபுரம் காலியானது. சனம் கிழக்கே நகர நகர ஆஸ்பத்திரியும் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. அங்கே காயக்காரருக்கே மருந்து போதாத நேரத்தில் நடக்கக்கூடிய ஒரு பெண் போய் ஊசி கேட்க முடியாது. கேட்கவும் இல்லை. சுப்பம்மா மாத்தளனில் செல் குண்டு விழுந்து இறந்தாள். கஜேந்தினி அதைப் பற்றிப் பேசுவதில்லை.

யுத்தம் முடிந்து போய்ச் சேர்ந்த செட்டிகுளம் அகதி முகாமில் தண்ணீர் வாளியோடு நடக்கும்போதுதான் மூச்சு முட்டத் தொடங்கியது. பத்து எட்டு வைத்தால் வாளியை இறக்கி வைத்து நிற்க வேண்டும். பட்டினி கிடந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். முகாமுக்கு வந்த வைத்தியர் ஒருவர் குழாயை நெஞ்சில் வைத்தவர், வழக்கத்தைவிட நெடுநேரம் எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதயத்துக்குள்ள இரத்தம் போய்வாற கதவுகள் இருக்கு, தங்கச்சி. உமக்கு அதில ஒண்டு ஒட்டிப்போச்சு. வடிவாத் திறக்குதில்லை” என்றார்.

அந்தக் கதவுக்குப் பெயர் வால்வு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அதுவரை வால்வு என்றால் அவளுக்குச் சைக்கிள் ரியூப்பில் இருப்பது மட்டும்தான்.

முகாம் விட்டு ஊருக்குத் திரும்பியபின், இரண்டாயிரத்துப் பதினொன்றில் முதல் வைத்தியம் கொழும்பில் நடந்தது. அதைச் சத்திரசிகிச்சை என்று சொல்வதற்கே அவளுக்கு இப்போது கூச்சம். தொடைமடிப்பில் துளையிட்டு, கம்பி ஒன்றை இதயம் வரைக்கும் செலுத்தி, அதன் நுனியிலிருந்த பலூனை ஊதி ஒட்டிய கதவைப் பிரித்துவிட்டார்கள். மயக்கமும் இல்லை. ஒரு கிழமைக்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூச்சு வந்தது. பத்தொன்பது வயது. கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

தர்மபுரத்துப் பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை கிடைத்தது. விடிகாலையில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பால் கான்களைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களின் பாலை அளந்து, பால்மானியை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து எடுப்பது அவளுடைய வேலை. சேர்ந்த பாலை ஏற்றிப்போகத் தாங்கி பூட்டிய பவுசர் லொறி வரும். பவுசர் ஓட்டி வந்தவன் பிரதாபன். அக்கராயன்காரன். மற்றச் சாரதிகள் பவுசரின் நிழலில் நின்று அவசரப்படுத்துவார்கள்; இவன் இறங்கி வந்து கான் தூக்கிக் கொடுப்பான். அவள் பாரம் தூக்கக்கூடாது என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அதே மாதிரித்தான் தூக்கினான்.

பிரதாபனின் குடும்பம் குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து அக்கராயனுக்கு வந்தது. தாய் கமலாசனி கணவனை இழந்தவர். குளத்தடியில் வயலை ஆளில்லாமல் தானே பார்த்து மகனை வளர்த்தவர். நாக்குக்குக் கடிவாளம் போட்டறியாதவர். அவளைக் கட்டப்போகிறேன் என்று மகன் வந்து சொன்னதும் முகத்துக்கு நேரே கேட்டார்:

“தோட்டத்து ஆக்கள். அதுக்கு மேல நெஞ்சு வருத்தம். ரெண்டில எது பெரிய குறையெண்டு எனக்கே தெரியேல்லை. உனக்குத் தெரியுதோ?”

“ரெண்டும் குறையில்லை அம்மா.”

“அப்ப போய்க் கட்டு. பேந்து என்னட்டை வந்து அழாத.”

கட்டினார்கள். கமலாசனி கோயிலுக்கு வந்து நின்று, தாலி கட்டி முடிந்ததும் சாப்பாட்டுக் காரியம் பார்க்கப் போய்விட்டார். கஜேந்தினி அக்கராயனுக்கு வாழ வந்தாள். அந்த வீட்டில் பேசும்போது தன் பேச்சைக் கவனித்துக்கொண்டாள். ‘ஆமா’ என்று வாயில் வருவதை ‘ஓம்’ என்று மாற்றினாள். பள்ளிக்கூடத்திலேயே பழகிய பாஷைதான், ஆனாலும் களைத்துப்போன நேரத்தில் தகப்பன் வீட்டுச் சொல் ஒன்று நழுவும். கமலாசனி அதைச் சரியாகப் பிடிப்பார்.

கலியாணம் முடிந்து ஒரு வருடத்துக்குள் மூச்சு மறுபடி முட்டியது. பலூனால் பிரித்த கதவு இப்போது சரியாகத் திறக்கவும் இல்லை, சரியாக மூடவும் இல்லை. கொழும்பில் ஒரு நடுவயதுச் சத்திரசிகிச்சை நிபுணர் அவளை இருத்தி விஷயத்தைச் சொன்னார். அவர் சிங்களத்தில் சொல்ல, பக்கத்தில் நின்ற இளம் வைத்தியர் தமிழில் சொன்னார்.

வால்வை மாற்றியாக வேண்டும். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று உலோகத்தால் செய்தது. அது அவள் காலத்துக்கும் உழைக்கும். ஆனால் அதில் இரத்தம் கட்டிபடாமல் இருக்க வாழ்நாள் முழுக்க ஒரு குளிசை போட வேண்டும். அந்தக் குளிசையோடு பிள்ளை உண்டானால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. மற்றது மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வில் செய்தது. அந்தக் குளிசையைக் காலமெல்லாம் போடத் தேவையில்லை. ஆனால் இளவயதுக்காரரில் அது கெதியாகத் தேய்ந்துவிடும்.

“எத்தினை வருசத்தில?” என்று கேட்டாள்.

“எட்டு வருசமும் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். சொல்ல ஏலாது. பேந்து திரும்ப நெஞ்சைத் திறக்க வேணும். ரெண்டாந்தரம் திறக்கிறது முதல்தரம் மாதிரி இல்லை. ஆபத்துக் கூட.” இளம் வைத்தியர் நிபுணரை ஒருமுறை பார்த்தார். “உங்கட வயசில டொக்டர் உலோக வால்வைத்தான் நல்லம் எண்டு சொல்லுறார்.”

“மாட்டு வால்வோட பிள்ளை பெறலாமோ?”

இளம் வைத்தியர் அதைச் சிங்களத்தில் கேட்டார். நிபுணர் கஜேந்தினியையே பார்த்துத் தலையசைத்தார்.

“அப்ப மாட்டு வால்வைப் போடுங்கோ.”

பிரதாபன் பக்கத்தில்தான் இருந்தான். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போதுதான் கேட்டான்:

“பிள்ளை இல்லாட்டி எனக்குப் பரவாயில்லை, கஜி. ஏன் திரும்ப வெட்டுப்படப் போறாய்?”

“உங்களுக்குப் பரவாயில்லை எண்டு தெரியும். எனக்குப் பரவாயிருக்கு” என்றாள்.



நெஞ்செலும்பை நடுவால் அறுத்து அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்தார்கள். கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய், வயிற்றில் குழாய்கள், கழுத்தில் ஊசி. யாரோ நெஞ்சின்மேல் உரலைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருந்தது. இருமல்தான் பெரிய வில்லங்கம். இரும வேண்டும், சளி வெளியே வர வேண்டும் என்று தாதிமார் விடாமல் நின்றார்கள். இருமினால் எலும்பு பிளந்துவிடும் போலிருந்தது. பக்கத்துக் கட்டிலில் குருநாகல் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சிங்களம் தெரியாது. அவர் துவாயை உருட்டி நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினார். இவளும் அப்படியே செய்தாள். இருவரும் துவாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிரெதிராக இருந்து இருமியதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

வீட்டுக்கு வந்தபோது கமலாசனி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பிள்ளை, உள்ளுக்கை வைச்சது மாட்டின்ர எண்டு இவன் சொல்லுறான். மெய்யோ?”

“ஓம் மாமி.”

“பசுவோ எருமையோ?”

“கேக்கேல்லை மாமி.”

கமலாசனி யோசித்தார். கோயிலில் பொங்கும்போது இவளை அடுப்படிக்கு விடலாமா கூடாதா என்பது அவருக்கு உண்மையான பிரச்சினை. பூசகரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பூசகர் என்ன சொன்னாரோ தெரியாது. வந்தவர், “பாலைக் குடிக்கிறம், தோலைப் பறையில கட்டிக் கோயிலிலயே அடிக்கிறம், இதுவும் கிடக்கட்டும்” என்று சொல்லிக் கஞ்சிக்கு அரிசி கழுவப் போனார். பால் நிலையத்தில் விஷயம் பரவியபோது பால் கொண்டு வந்தவர்கள் பகிடி பண்ணினார்கள். இனி இவளிடம் தண்ணீர் கலந்த பாலைக் கொடுத்து ஏமாற்ற முடியாது, உள்ளே இருக்கும் மாடு சொல்லிக் கொடுத்துவிடும் என்றார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கும்போது அப்போதும் நெஞ்செலும்பு நொந்தது.

இரண்டாயிரத்துப் பதினேழில் தேனுகா பிறந்தாள். இதய வைத்தியரும் மகப்பேற்று வைத்தியரும் மாறிமாறிப் பார்த்து, கடைசி இரண்டு மாதமும் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். பிள்ளை சிறிது, ஆனால் குறையில்லை. கமலாசனி பேத்தியைத் தூக்கிப் பார்த்து, “தாயின்ர நிறம்” என்றார். அது குறையாகச் சொன்னதா நிறைவாகச் சொன்னதா என்பது யாருக்கும் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவை நல்ல வருடங்கள். கஜேந்தினி பால் நிலையத்துக்குப் போனாள். தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குக் கிட்டிய நிலையமொன்றுக்கு மாற்றம் கிடைத்தது. பிள்ளை தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதயத்தை ஸ்கான் பண்ணுவார்கள். ஒவ்வொரு தடவையும் வைத்தியர் திரையைப் பார்க்க, அவள் வைத்தியரின் முகத்தைப் பார்ப்பாள். முதலில் எல்லோருக்கும் நினைவிருந்த அந்த எட்டு, பத்து வருடக் கணக்கு மெல்ல மெல்ல மற்றவர்களுக்கு மறந்துபோனது. மறந்து போகும்படி அவளும் இருந்தாள். வயலில் விதைத்தவள் அறுப்பை மறப்பாளா? அவள் மறக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்துநாலின் மாரியில் கால் வீங்கத் தொடங்கியது. செருப்பின் வார் புறங்காலில் பதிந்து தடம் விட்டது. படுத்தால் மூச்சு வாங்கியது. இரண்டு தலையணை, பிறகு மூன்று. ஸ்கான் பார்த்த வைத்தியர் சொல்வதற்கு முன்னமே, “தேஞ்சிட்டுதோ?” என்று கேட்டாள்.

“ஓம். கிழிஞ்சு ஒழுகுது.”

அவளுக்கு அழுகை வரவில்லை. வருவதாகச் சொன்ன ஆள் வந்து படலையில் நிற்கிறார், அவ்வளவுதான் என்று தோன்றியது. உடைந்துபோனவன் பிரதாபன். பவுசரை வீதியோரத்தில் விட்டுவிட்டு வந்து கத்தினான்.

“பத்து வருசம் எண்டுதானே சொன்னவங்கள்! ஒம்பதுதானே ஆகுது!”

“எட்டெண்டும் சொன்னவை. ஒரு வருசம் கூடக் கிடைச்சிருக்கு.”

“நீ என்ன இப்படிக் கதைக்கிறாய்?”

“வேற எப்படிக் கதைக்கிறது?”

இம்முறை கொழும்புக்குப் போகத் தேவையிருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலேயே நெஞ்சு திறக்கும் வசதி வந்திருந்தது. ஆனையிறவைக் கடந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். உலோக வால்வு என்று முடிவானது. அதில் தெரிவு எதுவும் இல்லை. நிபுணர் தமிழர். படம் கீறியே விளங்கப்படுத்தினார். முதல் வெட்டு ஆறும்போது இதயம் நெஞ்செலும்பின் உட்பக்கத்தோடு ஒட்டியிருக்கும். எலும்பை அறுக்கும் வாள் இதயத்தைத் தொட்டுவிடாமல் மெல்ல மெல்லப் பிரித்தெடுக்க வேண்டும். இரத்தம் போகலாம். கையொப்பம் வைக்கும் தாளைப் பிரதாபன் பக்கம் நீட்டினார். கஜேந்தினி கையை நீட்டி வாங்கித் தானே வைத்தாள்.

காலையில் உள்ளே கொண்டுபோனவளைப் பின்னேரம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். முடிந்தது என்று கேள்விப்பட்டுப் பிரதாபன் தேத்தண்ணி குடிக்கப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் அவளை மறுபடி உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். உள்ளே இரத்தம் கசிந்து இதயத்தைச் சுற்றி நிரம்பி, இதயம் அடிக்க இடமில்லாமல் நெரிபட்டுக்கொண்டிருந்தது. ஒரே நாளில் இரண்டாம் முறை நெஞ்சைத் திறந்தார்கள். அறைக்கு வெளியே வாங்கில் குந்தியிருந்த கமலாசனி எழும்பவில்லை, அழவில்லை. வந்துபோன தாதி ஒவ்வொருவரையும் மறித்து, “என்ர மருமகள் கஜேந்தினி. என்ன மாதிரி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் என்ற சொல்லை அவர் வாயால் அதற்குமுன் கேட்டதாகப் பிரதாபனுக்கு நினைவில்லை. இருட்டும் நேரத்தில் நிபுணர் வந்து, கசிந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தைத்துவிட்டோம் என்றார்.

குழாயை எடுத்ததும் கஜேந்தினி பேசிய முதல் வார்த்தை, “தண்ணி குடுங்கம்மா.” அப்படியே சுப்பம்மாவின் பாஷை. நின்றவர் கமலாசனி. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தார். அந்தப் பேச்சைப் பற்றி அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

உடம்பு ஆறிய விதம் கஜேந்தினிக்குப் பழகிய பாதை. துவாயைக் கட்டிப்பிடித்து இருமுவது, பக்கவாட்டில் படுக்காமல் நிமிர்ந்தே படுப்பது, கையை ஊன்றாமல் எழும்புவது, எல்லாம் தெரியும். தெரியாமல் வந்தது வேறொன்று. வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் அழத் தொடங்கினாள். காரணம் ஒன்றும் இல்லை. தேனுகா சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அழுகை. கோழி ஒன்று மழையில் நனைந்தால் அழுகை. ஒன்பது வருடமாக எதிர்பார்த்தது வந்து, தப்பியும் ஆயிற்று. இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்ற நேரத்தில்தான் அழுகை வந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. கிளினிக்கில் சொன்னபோது, பெரிய இதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்கு வருவதுதான், கொஞ்ச மாதத்தில் குறையும், குறையாவிட்டால் வந்து சொல்லுங்கள் என்றார்கள்.

எல்லோரும் அவளோடு மெதுவாகப் பேசினார்கள். பிரதாபன் கதவைச் சாத்துவதுகூட மெதுவாக. கமலாசனி மட்டும் சண்டைக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இரத்தம் கட்டிபடாமல் வைத்திருக்கும் குளிசைக்கும் கீரைக்கும் ஒத்துவராது என்று யாரோ சொல்லக் கேட்டு, வீட்டில் இலை என்று சொல்லக்கூடிய எதையும் சமைக்காமல் நிறுத்திவிட்டார். முருங்கையிலை இல்லை, வல்லாரை இல்லை, பொன்னாங்காணி இல்லை.

“மாமி, சாப்பிடக்கூடாது எண்டு சொல்லேல்லை. எப்பவும் ஒரே அளவாச் சாப்பிடச் சொன்னவை. திடீரெண்டு கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.”

“அளவை ஆர் நிறுக்கிறது? நீ பாலை நிறுக்கிற மாதிரிக் கீரையையும் நிறுப்பியோ?”

“நிறுப்பன்.”

“நிறுத்துத் தின்னு. இரத்தம் ஓடினா என்னால தூக்கிக்கொண்டு ஆனையிறவு கடக்க ஏலாது. எனக்கு எழுபது வயசு.”

“ஆர் உங்களைத் தூக்கச் சொன்னது?”

குரல் உயர்ந்தது. அறையிலிருந்து பிரதாபன் பதறிக்கொண்டு ஓடி வந்தான். வந்து பார்த்தால் மனைவி வேலியோரத்து முருங்கையில் எட்டிய கிளையிலிருந்து ஒரு கைப்பிடி இலை உருவிக்கொண்டிருந்தாள். அழுகை அன்றோடு நின்றது என்று சொல்ல முடியாது. பிறகும் வந்தது. ஆனால் அன்றைக்குக் குசினியில் தானே முருங்கையிலை வறை செய்து, கமலாசனிக்கும் போட்டுக் கொடுத்தாள். கமலாசனி உப்புக் குறைவென்றார்.

இப்போது மாதம் ஒரு முறை கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துக் குளிசையின் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். வெட்டுக் காயம் வந்தால் சுலபத்தில் இரத்தம் நில்லாது. ஆகையால் வீட்டில் தேங்காய் துருவுவது பிரதாபனின் வேலையாகிவிட்டது. பால் நிலையத்துக்குத் திரும்பப் போகிறாள். கான் தூக்குவதற்கு வேறு ஆள் வைத்திருக்கிறார்கள். இனி ஒரு பிள்ளை இல்லை என்பதைப் பற்றிக் கேட்கிறவர்களிடம், ஒன்று காணும் என்று சொல்லிப் பால்மானியைப் பார்க்கத் திரும்பிவிடுவாள்.

உலோக வால்வுக்குச் சத்தம் உண்டு. ஆட்கள் கதைக்காத நேரத்தில், மின்விசிறி நின்றால், மணிக்கூடு மாதிரி டிக் டிக்கென்று நெஞ்சுக்குள்ளிருந்து கேட்கும். தேனுகா தாயின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். விஷயம் தர்மபுரம்வரைக்கும் போய், ஒரு சனிக்கிழமை மூக்கன் மகளைப் பார்க்க வந்தான். பை நிறைய நிலக்கடலை கொண்டு வந்திருந்தான்.

“என்னா ஆயி, மிசினு வச்சிருக்காங்களாம். சத்தம் வருதாமே?”

“வருதுப்பா. கிட்ட வாங்க.”

மூக்கன் தலையைச் சாய்த்து மகளின் நெஞ்சருகே காதை வைத்தான். செல் சத்தத்தில் அடைத்துப்போன காது அது. மற்றக் காதும் அவ்வளவு நல்லதில்லை. நெடுநேரம் அப்படியே இருந்தான். பிறகு மற்றக் காதை வைத்தான்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல ஆயி. ஒனக்குக் கேக்குதா?”

“கேக்குதுப்பா.”

“அப்ப செரி” என்று மூக்கன் நிமிர்ந்து உட்கார்ந்து, பையிலிருந்த கடலையை எடுத்துப் பேத்திக்கு உடைத்துக் கொடுக்கத் தொடங்கினான்.